டீ ஆறுது

ஏம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடறியா? போதும், போதும். திண்டுக்கல்லுல ஏறினதுலேருந்து உன்னை ஒண்ணு கேக்கணும்னு பாக்கறேன், நீ காதுல அதை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடிட்ட. இப்பக் கேக்கலாமா? உன் பனியன்ல என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியும். நீ சொல்லேன், உன் வாயால கேக்கணும்.

ம். டீ ஆறுது. எங்க வாங்கின? காலேஜு வாசல்லயே விக்கறானா? சரிதான். அது யாரு சொன்னதுன்னு தெரியுமா?

ஆமா, அவருதான். நீ சொல்லு பேரை, நான் சொல்லமாட்டேன். கஜேந்திரன்தான். கஜ்ஜுவா? நீங்கள்லாம் கஜ்ஜுன்னா கூப்பிடறீங்க? கூப்பிடு, கூப்பிடு, கோவிச்சுக்க மாட்டாரு. எங்க வீட்டுக்காரர்தான்மா.

அட, எதுக்குக் காலைத் தொடற? பஸ்ஸுல போய். உக்காரு. நம்பறியா இல்லையா? நம்பினாச் சரி. போன மாசம் ஒரு பையன் நம்பல, ஆதாரம் கேட்டான். கழுத்துல கெடந்ததை எறக்கி வெச்சு ஏழு வருஷம் ஆச்சு, ஆதாரத்துக்கு நான் எங்கடா போவேன்னு கேட்டேன்.

பாட்டெல்லாம் உனக்குப் பிடிக்குமா? அஞ்சும் மனப்பாடமா? எனக்கு ஒண்ணும் புரியாதும்மா. இங்கிலீஷ். அதுவும் அவரு பாடும்போது தொண்டையக் கட்டையா ஆக்கிக்கிட்டு, வாயைக் கோணிக்கிட்டு, எவனோ வெள்ளைக்காரன் பாடற மாதிரி பாடுவாரு. அது அவரு குரலே இல்ல. ஊரே கொண்டாடுது, நான் வேணாங்கல. ஆனா அதுல எங்க வீட்டுக்காரர் இல்ல. அந்த டீ ஆறுதுல இருக்காரு. அவ்வளவுதான் மிச்சம்.

நான் எங்க போயிட்டு வரேன்னு நெனக்கிற? லாரன்ஸைப் பார்த்துட்டு வரேன். ஆமா, டிரம்மு அடிச்ச அதே லாரன்ஸ்தான். அவனை நீ பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருப்ப. எனக்கு அவன் செஞ்ச துரோகத்தைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு.

பொன்மலை ஒர்க்‌ஷாப்புல அப்ப இவரு, லாரன்ஸ், இன்னும் ரெண்டு பேரு வேலை, ரயில்வேயில. இவரு ஃபிட்டர். நாலு பேரும் சேர்ந்து பாயின்ட்ஸ்மென்னு பேரு வெச்சுக்கிட்டு ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிளப்புல வாசிப்பாங்க. சட்டைக்காரங்க, அதான் ஆங்கிலோ இந்தியங்க, அவங்க வீட்டுக் கல்யாணம், கிறிஸ்மஸ் டான்ஸு, அந்த மாதிரி. எனக்குக் கல்யாணம் ஆகி நாலஞ்சு மாசம்கூட ஆகல, ஒரு ஞாயித்துக்கிழமை எங்க குவார்ட்டர்ஸ்லயே பாட்டுப் பதிவு பண்ணப்போறோம்னு வந்து எறங்கிட்டாங்க. எங்கேயோ கடன் வாங்கின ஸ்பூல் டேப் ரெக்கார்டர், ஆளு உக்காரலாம் அத்தனை பெருசு. என் கல்யாணச் சீர் ஜமக்காளம், போர்வை, எல்லாத்தையும் ஜன்னல்ல தொங்க விட்டாச்சு. குழாயத் திறக்காத, குக்கரு வெக்காத, வளையலைக் கழட்டு. புதுப் பொண்ணு வளையலைக் கழட்டுவாளா? கையை முந்தானைக்குள்ள சுத்திக்கிட்டு அடுப்படியில நின்னேன்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல கூட்ஸ் வண்டி வரும். அது போற வரைக்கும் வாசிக்க முடியாது. அப்பல்லாம் பேசிக்கிட்டிருப்பாங்க. மெஷினு பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும், நிறுத்தமாட்டாரு. திரும்ப ஆரம்பிக்கும்போது டொக்குன்னு சத்தம் விழும், அது ஆகாதுன்னு.

நாலாவது பாட்டுக்கு முன்னாடி டீ போட்டுக் குடுத்தேன். நாலு தம்ளர். அஞ்சாவதா எனக்கு ஒண்ணு ஊத்தி வெச்சுக்கிட்டு உள்ளயே நிக்கறேன். இவரு கிதாரை மடியில வெச்சுக்கிட்டு, தட்டிக்கிட்டே, உள்ள பார்த்துக் கூப்பிட்டாரு. "வந்து எங்களோட உக்காந்து குடி, மைனா. டீ ஆறுது." நான் போகல. மூணு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, நான் போய் நடுவுல உக்காந்து டீ குடிப்பேனா? அவரு அப்படியே சிரிச்சுக்கிட்டே வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு.

என் பேரு மரகதம்மா. மைனாங்கறது அவரு வெச்சது. வீட்டுக்குள்ள, கதவு சாத்தியிருந்தா மட்டும் கூப்பிடறது. அன்னிக்கு வாய் தவறி வந்துருச்சு.

இதுல என்ன இருக்கு துரோகம்னு பாக்கறியா? இரு, வரேன்.

தலை தீபாவளி வந்துச்சு. எங்கப்பா வீடு லால்குடிப் பக்கம். மாப்பிள்ளை முறுக்கா வந்து எறங்குவாருன்னு எங்க ஜனம் காத்துக்கிட்டிருக்கு, இவரு அந்த டேப் ரெக்கார்டரைத் தோள்ல தூக்கிக்கிட்டு வர்றாரு. மாமனாருக்குத் தன் பாட்டைப் போட்டுக் காட்டணுமாம். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச்சு, கூடத்துல எங்கப்பா, பெரியப்பா, அண்ணனுங்க, சித்தி, எல்லாரும் வரிசையா உக்காந்தாச்சு. பாட்டு ஓடுது. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியல, மரியாதைக்குத் தலையை ஆட்டறாங்க. பாட்டு முடிஞ்சுது. பேச்சு ஆரம்பிச்சுது. பேச்சு எல்லாருக்கும் புரியுதே!

லாரன்ஸ் கேக்கறான், "என்னடா, காலையிலேருந்து கொட்டாவி விடற?" இவரு சொல்றாரு, "மைனா தூங்க விட்டாத்தானே." சொல்லிட்டு நாலு பேரும் கெக்கெக்கேன்னு சிரிக்கறாங்க டேப்புல. எங்கப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் எழுந்து போயிட்டாரு. எங்க சித்தி வாயில முந்தானைய அடைச்சுக்கிட்டா. எங்க அண்ணனுங்க அன்னிக்கு முழுக்க, "மைனா, தண்ணி கொண்டா. மைனா, எண்ணெய்ச் சட்டி காயுது." எனக்கு உசிரே போயிருச்சும்மா. கெணத்துல விழுந்துரலாமான்னு இருந்துச்சு.

நீ சிரிக்கற. இப்ப எனக்கும் சிரிப்புத்தான் வருது. அன்னிக்கு இருந்த நெலமை வேற.

பொன்மலைக்குத் திரும்பி வந்ததும் ரெண்டு நாளு நான் அவரோட பேசல. மூணாம் நாளு சொன்னேன். "அந்தப் பேச்செல்லாம் அதுல இருக்கற வரைக்கும் நான் உங்களோட குடித்தனம் பண்ணமாட்டேன். வெட்டி எறிங்க. இல்லைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்." கோவத்துல சொல்றதுதானேம்மா? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சொன்னா வெட்டிடறதா?

இவரு வெட்டமாட்டேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. அந்த லாரன்ஸ்தான் வந்தான். நான் பண்றேன்டா, பொம்பளை மனசை நோகடிக்காதன்னு பெரிய மனுஷன் மாதிரி பேசிட்டு ஒக்காந்துட்டான். டேப்பை வெட்டி ஒட்டறதுல அவன் கெட்டிக்காரன். நான் அடுப்படியில கதவைச் சாத்திக்கிட்டு இருந்தேன், அவங்க மூஞ்சியிலயே முழிக்கல. "அண்ணி, ஒரு புது பிளேடு வேணும்"னு கேட்டான். கதவு இடுக்கு வழியா நீட்டினேன். கேட்டாக் குடுக்கமாட்டாங்களா? பிளேடு குடுத்தது ஒரு தப்பா?

வெட்டிட்டான். பேச்சு, சிரிப்பு, இருமினது, மைனா, எல்லாத்தையும் வெட்டிட்டான். வெறும் அஞ்சு பாட்டு. நாலாவதுல மட்டும், டீ ஆறுதுன்னு அவரு சொல்லும்போதே கிதாரும் சேர்ந்து ஒலிச்சுட்டதால அதுக்கு மேல வெட்ட முடியல. அதனால மைனா போயிருச்சு, டீ ஆறுது தங்கிருச்சு. அதைத்தான் நீ மாட்டிக்கிட்டிருக்க.

அதுக்கப்புறம் அவங்க வாசிக்கறதே கொறஞ்சு போச்சு. ஒருத்தரு ஆஸ்திரேலியா போயிட்டாரு, ஒருத்தருக்கு மாத்தல் வந்துச்சு. இவரு கிதாரைத் தூக்கிப் பரண்ல போட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. அவராத்தான் விட்டாரு.

நல்லாப் பேசுவாரும்மா. ஊர்க் கதையெல்லாம் பேசுவாரு. நான் சமைக்கும்போது வாசப்படியில ஒக்காந்து விடாம பேசுவாரு. கொஞ்சம் வாயை மூடுங்களேன், தலைய வலிக்குதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ரிட்டயர் ஆகறதுக்குள்ளயே தொண்டை கட்டிக்கிச்சு. சளின்னு நெனச்சோம். பெரியாஸ்பத்திரியில பார்த்துட்டு, குரல்வளைய எடுத்தாத்தான் ஆளு பொழைக்கும்னுட்டாங்க. எடுத்தாச்சு. கழுத்துல ஒரு ஓட்டை, அதுல ஒரு துணி. பதினோரு வருஷம் அப்படி இருந்தாருடி கண்ணு. ஒரு சத்தம் வராது. மோதிரத்தால தம்ளரைத் தட்டுவாரு. ஒரு தட்டுத் தட்டினாத் தண்ணி, ரெண்டு தட்டினா டீ. மூணு தட்டினா நான் வந்து பக்கத்துல ஒக்காரணும். வேற ஒண்ணும் வேணாம், சும்மா ஒக்காரணும்.

அவரு போன அன்னிக்குக்கூட நான் அவ்வளவு அழலம்மா. போயி ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில எழுந்திரிக்கறேன், அவரு குரல் எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் வரல. அடிச்சுப் போட்ட மாதிரி ஒக்காந்துட்டேன். மூஞ்சி வருது, கை வருது, வேர்வை வாசனை வருது. குரல் வரல. கனவுல வர்றாரு, கனவுலயும் ஊமையாத்தான் வர்றாரு, தம்ளரைத் தட்டிக்கிட்டு.

எம் பொண்ணு கல்யாண வீடியோ இருக்குன்னு போட்டுப் பார்த்தோம். அவரு வாயைத் தொறந்து தொறந்து எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடறாரு, மேல சினிமாப் பாட்டு ஓடுது. முழு வீடியோவுக்கும் பாட்டைப் போட்டு மூடி வெச்சிருக்கான் அந்த வீடியோக்காரன். நாசமாப் போனவன். அப்ப அழகா இருக்குன்னு நாங்கதான் பாராட்டினோம்.

அப்பத்தான் லாரன்ஸ் பேரன் அந்த ஸ்பூலை எங்கேயோ குடுத்து, பெங்களூருல கிராமபோன் மாதிரி கறுப்புத் தட்டாப் போட்டு, அப்புறம் உங்க செல்லுலயெல்லாம் வந்து, இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அம்பது வருஷம் கழிச்சு. அவரு இருக்கும்போது ஒருத்தன் வந்து ஒரு பாட்டுக் கேட்டதில்ல.

எம் பொண்ணு என்னை மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனா. ஏதோ காலேஜு கிரவுண்டு. உன் வயசுப் பசங்க இவரு பாட்டை வாசிக்கறாங்க. நாலாவது பாட்டு வந்துச்சு. மேடையில ஒருத்தன் கையைத் தூக்கினான், அம்மாடி, அத்தனை ஜனமும் ஒரே குரலா, "டீ ஆறுது!" பக்கத்துல இருந்த பையன் எனக்கு விளக்கம் வேற சொல்றான், வாழ்க்கை நமக்கு முன்னாடியே ஆறிக்கிட்டிருக்குங்கறதுதான் அதோட அர்த்தமாம். டீ ஆறுதுன்னா டீ ஆறுதுன்னுதான்டா அர்த்தம்னு சொல்ல வாயெடுத்தேன், முடியல. அவ்வளவு சத்தத்துக்கு நடுவுல அவரு குரல் எங்கேயாவது இருக்கான்னு தேடிக்கிட்டு நின்னேன். எல்லாரும் சொல்றாங்க. யாருகிட்டச் சொன்னாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. அந்தப் பேரைத்தான் வெட்டியாச்சே.

மணப்பாறை வந்துருச்சா? முறுக்கு வாங்கறியா? வேணாமா? நல்லாருக்கும்டி. சரி விடு.

அங்க பாரு, சோளக்காட்டுல டேப்பு நாடா கட்டியிருக்கான், எப்படி மினுக்குது பாரு. ஒரு பறவை கிட்ட வராது. நான்கூட ஒரு வருஷம் கட்டினேன். எம் பொண்ணு வயித்துல இருந்தா, கோடையில கூழ் வடகம் போட்டேன் மொட்டமாடியில. பொன்மலைக் காக்கா சும்மா விடுமா? குடை விரிச்சு வெச்சேன், கறுப்புத் துணி கட்டினேன், ஒண்ணுத்துக்கும் மசியல. பரண்ல துழாவினா ஒரு பிஸ்கட் டப்பா, குதிரை வண்டிப் படம் போட்டது. தொறந்தா உள்ள சுருள் சுருளா நாடா. அந்த மெஷின்ல இருந்து விழுந்த ஏதோ பழசுன்னு எடுத்து நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினேன். அப்பப்பா, காத்துல விர்ருனு ஒரு சத்தம் போடும் பாரு, ஒரு காக்கா எறங்கல. 

இவரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து மாடி ஏறினாரு. அப்படியே நின்னுட்டாரு. "இது எங்க கெடச்சுது?" பரண்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தாரு, அப்புறம் சிரிச்சாரு பாரு ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். "நல்ல எடத்துலதான் கட்டியிருக்க"ன்னாரு. லீவு நாள்ல துண்டைத் தலையில போட்டுக்கிட்டு வெயில்லயே அதுக்குக் கீழ ஒக்காந்திருப்பாரு. அதான் காக்கா வரலியே, நீங்க எதுக்கு காவல்னு கேட்டா, "பேசுதுடி, இங்க வந்து கேளு"ம்பாரு. எனக்கு எங்க நேரம்? அடுப்புல கூழு கொதிக்குது. முதல் மழையில அதெல்லாம் அறுந்து எங்கேயோ போயிருச்சு.

எங்க விட்டேன்? லாரன்ஸ். ஆங்.

எனக்கு ரொம்ப நாளா ஒரே யோசனை. வெட்டினதை அவன் என்ன பண்ணினான்? எதையும் தூக்கிப் போடற ஆளு இல்ல அவன். அவன்கிட்டதான் இருக்கும், பணக்காரனுக்கு விக்கறதுக்கு ஒளிச்சு வெச்சிருப்பான்னு எனக்கு உறுதி. அதான் எம் பொண்ணுகிட்டக்கூடச் சொல்லாம இன்னிக்குக் கெளம்பிட்டேன். ஒரு வார்த்தை வேணும்டா, ஒரே வார்த்தை, மத்ததெல்லாம் நீயே வெச்சுக்கன்னு கேக்கறதுக்கு.

போனேன். வாசல்ல சேர் போட்டு ஒக்காந்திருக்கான். "வாங்க அண்ணி"ன்னான். அவன் சம்சாரம் டீ கொண்டாந்து வெச்சா. நான் நேராக் கேட்டேன். வெட்டின டேப்பு எங்க?

அவன் என்னையே பாக்கறான். "அதை நான் எதுக்கு அண்ணி எடுத்துட்டுப் போறேன்? ஒவ்வொண்ணாச் சுருட்டி அன்னிக்கே கஜா கையில குடுத்துட்டேன். உங்க வீட்டு பிஸ்கட் டப்பாவுலதான் போட்டு வெச்சான். அவ கோவம் தீரட்டும், பத்து வருஷம் கழிச்சு ஒட்டிப் போட்டுக் காட்டறேன், அவளே சிரிப்பான்னான். குதிரை வண்டிப் படம் போட்ட டப்பா. ஏன், அவன் காட்டவே இல்லையா?"

பொய்யி. வாய் கூசாம சொல்றான் பாரு பொய்யி. எந்திரிச்சு வந்துட்டேன். அந்த டீயக்கூடத் தொடல. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன், வெயில்ல, கண்ணு தெரியாம. அந்தக் காலத்துல யாரு வீட்ல இல்ல அந்தப் பிஸ்கட் டப்பா? எங்க வீட்ல இருக்கறது இப்பவும் இருக்கு, உளுந்து போட்டு வெச்சிருக்கேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

என்ன? ஏன் அப்படிப் பாக்கற?

எதுக்குடி அழற நீ? உன்னை என்ன சொன்னேன் இப்ப? மூஞ்சியத் தொடை. இந்தா, முந்தானை சுத்தமாத்தான் இருக்கு. அழாதம்மா. நீ அழுதா எனக்கு என்னமோ பண்ணுது. அந்தப் பக்கம் திரும்பிக்கோ. என்னைப் பாக்காத.

...

அதை இப்படிக் குடு. எந்தக் காதுல வெக்கணும்? நாலாவது பாட்டு. போடு.

ம்.

அவருதான்.

நிறுத்து, நிறுத்து, பாட்டு வேணாம். முதல்லேருந்து போடு. இன்னொரு தரம். நீ ஒரு காதுல வெச்சுக்கோ, சொல்றேன். டீ ஆறுதுன்னு சொல்றதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மூச்சு இழுக்கறாரு பாரு. கேட்டுச்சா? எல்லாரும் அது பாட்டோட ஆரம்பம்னு நெனக்கறாங்க. இல்ல. என்னைக் கூப்பிட்டுட்டு இழுக்கற மூச்சு அது. மைனான்னு கூப்பிட்டு முடிச்சாச்சு, நான் வருவேனான்னு உள்ள பாக்கறாரு. நான் கதவோரமா வளையலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஒரு எட்டு வெச்சிருந்தாப் போதும். நாலு அடிதான் இருக்கும் அந்தக் கூடத்துக்கு.

இன்னொரு தரம் போடும்மா. உனக்குச் சிரமம் இல்லையே?

போதும். சூடாவுது காது. நீ கேளு, உனக்குப் பிடிச்ச பாட்டு.

திருச்சி வந்துருச்சுபோல. இல்லம்மா, பை கனமில்ல, நானே எடுத்துக்கறேன். எம் பொண்ணு வந்து நிப்பா, எங்க போனன்னு கேட்டுத் திட்டப்போறா. கோடை வந்துருச்சு, கூழ் வடகம் எப்பப் போடறன்னு அதை வேற கேட்டுக்கிட்டே இருக்கா, பேத்திக்குப் பிடிக்குமாம். போடணும். போட்டு மொட்டமாடியில காய வெச்சுட்டுப் பக்கத்துல சும்மா ஒக்காந்திருப்பேன். இந்த வருஷம் மேல ஒண்ணும் கட்டமாட்டேன்மா. காக்கா தின்னா தின்னுட்டுப் போகட்டும்.